குவாரியில் வரிக்கல்லை வெட்டிக்கொண்டு போகும் கருப்புக் கல்: எரிமலையா?

பாலக்கோட்டான்:
எங்கள் ஊர்ப் பக்கம் ஓட்டாமல் விட்ட ஒரு குவாரி இருக்கிறது. சாம்பலும் வெள்ளையும் வரி வரியாக நெளிந்து ஓடுகிற கல், அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு செங்குத்தாக ஒரு கருப்புக் கல். ஒருத்தர் எரிமலைக் குழம்பு என்கிறார், இன்னொருத்தர் 250 கோடி வருஷத்துக் கல் என்கிறார். எது சரி? வருஷத்தை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்? அப்புறம் தொப்பூர்ப் பக்கக் கல் மட்டும் ஏன் பச்சை கலந்து பிசுக்குப் பிடித்தாற்போல் தெரிகிறது?

கல்லும்_கணக்கும்:
வரிக்கல் நைஸ். ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் மாட்டி மடங்கிய கல், 250 கோடி என்றது இதற்குத்தான் பொருந்தும். கருப்பு, டோலரைட் என்ற கல்லால் ஆன டைக், அதாவது பிளவில் சுவர்போல நிற்கும் கல். தரை இழுபட்டு விண்டபோது கீழிருந்து ஏறிய குழம்பு பிளவுக்குள்ளேயே இறுகிப்போனது, அதனால் எரிமலை வாயை எல்லாம் தேட வேண்டாம். ஒரு சில்லு எடுத்துப் பாருங்கள்: நைஸை ஒட்டிய ஓரத்தில் மணியே தெரியாது, நடுவில் மணிமணியாக இருக்கும். குளிர்ந்த கல்லில் பட்ட ஓரம் சட்டென்று இறுகிவிட்டது. வெட்டுகிறது என்றாலே வெட்டப்பட்டதைவிட இளசு, அவ்வளவுதான். பெங்களூரைச் சுற்றிக் கிழக்கு மேற்காக ஓடும் டைக்குகளின் வயது சுமார் 237 கோடி.

கணக்கு, கல்லுக்குள் இருக்கும் சிர்கான் என்ற சின்னக் கனிம மணியில் இருக்கிறது. அது உருவாகும்போது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை அநேகமாக அண்டவிடாது. யுரேனியம் மெல்லச் சிதைந்து ஈயமாக மாறும், யுரேனியம்-238 பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டு ஆகும். ஆக உள்ளே எவ்வளவு யுரேனியம் மிச்சம், எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் வயது வந்துவிடும்.

தொப்பூர்_கணவாய்:
தொப்பூர்க் கல் சார்னோக்கைட் தம்பி, ஆழத்தில் கடுஞ்சூட்டில் நீர் வற்றி உருவான கல், பச்சையும் பிசுக்கும் அந்த வகைக்கே உரிய தோற்றம். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாகத் தெற்கே வந்தால் பூமியின் மேலோட்டின் ஆழத்துக்குள் இறங்கி வருகிறோம் என்றே வைத்துக்கொள்ளலாம். நிலம் வடக்கே சாய்ந்து, தெற்கில் மேலே இருந்ததெல்லாம் அரித்துப் போய்விட்டதால், ஒரு காலத்தில் 20, 25 கி.மீ. ஆழத்தில் கிடந்தது இன்று ரோட்டோரத்தில் நிற்கிறது. அந்த ஆழத்தில் 700 டிகிரிக்கு மேல் சூடு. பயோட்டைட், ஹார்ன்பிளெண்ட் மாதிரி நீர் கலந்த கனிமங்கள் தாங்காமல் ஹைப்பர்ஸ்தீன் என்ற நீரில்லாத கனிமம் ஆகிவிடும். நீர் எப்படிப் போனது என்பதில்தான் இன்னும் சண்டை: கரியமில வாயு ஏறி விரட்டியது என்று ஒரு கட்சி, கல் பகுதி உருகி உருகலோடு நீர் போனது என்று இன்னொரு கட்சி. எனக்கு இரண்டும் நடந்திருக்கும் என்றே படுகிறது.

ஒகேனக்கல்_மீன்:
ஒகேனக்கல்லை விட்டுவிட்டீர்களே அண்ணா! அங்கே கார்பனடைட் இருக்கிறது, சுண்ணாம்புச் சத்து மிகுந்த குழம்பு இறுகிய கல், அதுவே சுமார் 240 கோடி.

பாலக்கோட்டான்:
நன்றி. அந்தக் கருப்புக் கல் எங்கள் நிலத்துக்குள்ளும் ஓடுகிறது. போர் எங்கே போடலாம்?

கல்லும்_கணக்கும்:
கெட்டியான டைக்கின் மேலேயே போடாதீர்கள். அது நிலத்தடி நீரைக் குறுக்கே மறிக்கும், சரிவில் மேல்பக்கம், நைஸ் உடைந்தும் மக்கியும் இருக்கிற இடமாகப் பாருங்கள். அதற்கு முன் நிலம் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று (மின்தடைச் சோதனை) அளந்துவிடுங்கள், கீழே எங்கே நீர் இருக்கலாம் என்று தெரியும், போர் செலவோடு பார்த்தால் அது சில்லறைக் காசு.