இலங்கை டூர்: வழிகாட்டிக்கு டிப்ஸ் எவ்வளவு, எப்படிக் கொடுப்பது?

வணக்கம். தருமபுரியிலிருந்து சில குடும்பங்கள் சேர்ந்து அடுத்த மாதம் இலங்கைக்குப் பேக்கேஜ் டூர் போகிறோம். கொழும்பு, கண்டி, சிகிரியா, நுவரெலியா எல்லாவற்றுக்கும் ஒரே வழிகாட்டி கூடவே வருவார். டிரைவர் தனி. கட்டணத்தில் டிப்ஸ் சேராது என்று தாளில் போட்டிருக்கிறார்கள், எவ்வளவு என்று ஒரு வார்த்தை இல்லை.

ஒகேனக்கல் என்றால் நமக்குத் தெரியும். பரிசலுக்கு டிக்கெட் எடுத்திருந்தாலும், பத்திரமாகக் கரை சேர்த்தவர் கையில் இறங்கும்போது மனதாரக் கொடுப்போம். ஆனால் நாள் முழுக்கக் கூடவே இருந்து, சிகிரியாவில் 1,000-க்கும் மேற்பட்ட படிகளில் பெரியவர்களுக்குக் கை கொடுத்து ஏற்றுகிறவருக்கு அப்படித் தோன்றியதைக் கொடுத்துவிட முடியாது. குறைந்தால் அவர் உழைப்பை மதிக்காத மாதிரி ஆகிவிடும். அதே சமயம், பென்ஷனை மட்டும் நம்பி வருகிற அத்தைகளும் எங்களோடு இருக்கிறார்கள். அவர்களைச் சங்கடப்படுத்தவும் கூடாது.

கிளம்பும் முன்பே குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூலித்து, கடைசி நாள் கவரில் போட்டுக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். அல்லது தலைக்கு, நாளுக்கு என்று கணக்குப் போடுவதுதான் முறையா? டிரைவருக்கு வழிகாட்டியில் பாதி போதும் என்கிறார் ஒருவர். நுவரெலியா மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவருக்கு அவ்வளவு குறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்புறம், இலங்கை ரூபாயாகவே கொடுத்தால்தானே அவர்களுக்கு வசதி?

ஓட்டல் பில்லில் பெரும்பாலும் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் சேர்ந்துவிடும், அதை விட்டுவிடலாம். குழுவாகப் போய்வந்தவர்கள், நீங்கள் கொடுத்த தொகையையும் முறையையும் தயவுசெய்து சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூடிப் பணம் வசூலிக்கிறோம்.