மரபணு மாற்றங்கள் அதிகம் இருந்தும் ஒமைக்ரான் டெல்டாவைவிடத் தீவிரம் குறைந்திருந்தது ஏன்?

கேள்வி

பள்ளியில் உயர் வகுப்பு மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். வைரஸ்களின் பரிணாமத்தை விளக்குவதற்காகச் சென்ற வாரம் கரும்பலகையில் ஓர் அட்டவணை வரைந்தேன். கோவிட் நோயைத் தரும் கொரோனா வைரஸின் திரிபுகளான (மரபணு மாறிய வகைகளான) ஆல்பா, பீட்டா, காமா, டெல்டா, ஒமைக்ரான் என்று ஐந்து பெயர்களை எழுதி, வைரஸ் நம் செல்லைப் பற்றிக்கொள்ள உதவும் ஸ்பைக் புரதத்தில் எத்தனை மாற்றங்கள், எவ்வளவு வேகமாகப் பரவியது, நோய் எவ்வளவு கடுமையாக இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே குறித்துக்கொண்டே வந்தேன். டெல்டாவுக்கு ஏறத்தாழப் பத்து மாற்றங்கள், ஒமைக்ரானுக்கு முப்பதுக்கும் மேல் என்று எழுதியவுடன் ஒரு மாணவி எழுந்து, "அப்படியானால் ஒமைக்ரான்தானே அதிகக் கொடியதாக இருந்திருக்க வேண்டும்?" என்று கேட்டாள்.

"வைரஸ்கள் நாளடைவில் பலவீனமாகிவிடும், அதனால்தான்" என்று பதில் சொன்னேன். சொல்லும்போதே அது எனக்கு நிறைவாக இல்லை. டெல்டா அலையில் தாத்தாவை இழந்தவள் அவள். அரைகுறை விடையோடு அவளை உட்கார வைத்துவிட்டோமே என்று மனம் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மாற்றங்களின் எண்ணிக்கைக்கும் நோயின் தீவிரத்துக்கும் உண்மையில் தொடர்பு உண்டா? வேகமாகப் பரவும் திரிபு கட்டாயம் வீரியம் குறைந்ததாகத்தான் இருக்குமா? அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால், வகுப்பில் என் பதிலைத் திருத்திக்கொள்வேன்.

மறுமொழி 1

வணக்கம். மரபணு வரிசைமுறை ஆய்வகம் ஒன்றில் பணிபுரிகிறேன். உங்கள் மாணவியின் கேள்வி மிகச் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. இழுக்கு இருப்பது, மாற்றங்களை எண்ணிக்கையால் அளக்கும் அந்தப் பத்தியில்தான்.

இந்த வைரஸின் மரபுப்பொருள் ஏறத்தாழ 30,000 எழுத்துகள் கொண்ட ஒற்றை ஆர்.என்.ஏ. இழை. கொரோனா வைரஸ்களிடம் படியெடுக்கும்போது நேரும் பிழையைத் திருத்தும் நொதி ஒன்று உண்டு. இன்ஃபுளுயன்சா வைரஸிடம் அது கிடையாது. அப்படியிருந்தும் சில பிழைகள் தப்பிவிடுகின்றன. பெருந்தொற்றின் தொடக்கக் காலத்தில் ஒரு கிளையில் மாதத்துக்குச் சுமார் இரண்டு எழுத்துகள் மாறிவந்தன. அவற்றில் பெரும்பாலானவை வைரஸின் குணத்தை எவ்வகையிலும் மாற்றாதவை. சில வைரஸுக்கே கேடானவை. மிகச் சிலவே அதற்கு ஆதாயம் தருபவை, நமக்கு அக்கறைக்குரியவையும் அவைதாம்.

ஓர் எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்ப்போம். ஸ்பைக் புரதத்தின் 681-ஆவது இடத்தில் முதலில் இருந்த அமினோ அமிலம் (புரதத்தின் கட்டுமான அலகு) புரோலின். அதற்குரிய மூன்றெழுத்துக் குறியீட்டின் நடு எழுத்து, மொத்த இழையில் 23,604-ஆவது எழுத்து. ஆல்பாவில் அந்த எழுத்து சி-யிலிருந்து ஏ-யாக மாறியது, புரோலின் ஹிஸ்டிடின் ஆனது. டெல்டாவில் அதே எழுத்து சி-யிலிருந்து ஜி-யாக மாறியது, புரோலின் ஆர்ஜினின் ஆனது. இந்த இடத்தை ஒட்டித்தான் நம் உடலின் ஃபியூரின் என்னும் நொதி ஸ்பைக் புரதத்தை வெட்டுகிறது. அந்த வெட்டு முன்கூட்டியே விழுந்தால்தான் வைரஸ் நுரையீரல் செல்களுக்குள் எளிதில் நுழையும். நேர்மின்னேற்றம் கொண்ட ஆர்ஜினின் வந்து அமர்ந்ததும் வெட்டு மேலும் எளிதாயிற்று. டெல்டா தொற்றிய செல்கள் அண்டைச் செல்களோடு அதிகமாக ஒட்டி இணைந்ததையும் ஆய்வகங்கள் கண்டன. ஒரே இடம், ஒரே எழுத்து. எந்த எழுத்தாக மாறியது என்பதில் இவ்வளவு வேறுபாடு வந்துவிட்டது.

ஒமைக்ரானின் முப்பது சொச்சம் மாற்றங்களில் ஏறத்தாழப் பதினைந்து, நம் செல்லின் ஏ.சி.இ.2 ஏற்பியைப் பற்றும் சிறு பகுதிக்குள்ளேயே குவிந்திருந்தன. நம் எதிர்ப்பணுக்களில் பெரும்பகுதி குறிவைப்பதும் அந்தப் பகுதியைத்தான். ஆகவே அந்த மாற்றங்களின் முதன்மையான பலன் எதிர்ப்பணுக்களிடமிருந்து நழுவுவதே தவிர, நுரையீரலைத் தாக்குவது அன்று.

தொடர்பு உள்ளதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்போது பரவலாகப் பயன்பட்ட ஒரு பி.சி.ஆர். பரிசோதனை, வைரஸின் மூன்று மரபணுப் பகுதிகளை ஒரே சமயத்தில் தேடும். தொற்று இருந்தால் திரையில் மூன்று கோடுகள் வளைந்து மேலெழும். ஆல்பா பரவிய மாதங்களில் இரண்டு கோடுகள் மட்டும் எழுந்து, ஸ்பைக் மரபணுவுக்கான மூன்றாவது கோடு தரையோடு தரையாகக் கிடக்கும். 69, 70-ஆவது அமினோ அமிலங்களுக்கான ஆறு எழுத்துகள் உதிர்ந்துபோனதால், பரிசோதனை தேடிய இலக்கு அங்கே இல்லை. டெல்டா வந்ததும் மூன்றாவது கோடு திரும்பி வந்தது. 2021 நவம்பர் இறுதியில் அந்தக் கோடு மறுபடியும் படுக்கத் தொடங்கியபோது, முழு வரிசைமுறை கைக்கு வருவதற்கு முன்பே, வந்திருப்பது வேறொன்று என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அந்த நாள்களின் படபடப்பு இன்றும் நினைவில் இருக்கிறது.

மறுமொழி 2

நான் மருத்துவர். டெல்டா, ஒமைக்ரான் ஆகிய இரண்டு அலைகளிலும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தேன். தீவிரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

டெல்டா நோயாளிகளிடம் நாங்கள் அஞ்சியது முதல் வாரத்துக் காய்ச்சலை அன்று. ஏழாம், எட்டாம் நாளில், படுக்கையில் அமர்ந்து இயல்பாகப் பேசிக்கொண்டிருப்பவரின் விரலில் மாட்டிய கருவி இரத்த ஆக்சிஜன் அளவை 88 விழுக்காடு என்று காட்டும். மூச்சு முட்டுவதை அவரே உணர்வதற்கு முன்பு நுரையீரல் பாதிக்கப்பட்டிருக்கும். ஒமைக்ரான் அலையிலோ பெரும்பாலோர் தொண்டை வலியோடும் இரண்டு மூன்று நாள் காய்ச்சலோடும் தேறினார்கள். மணம் அறியாமல் போவது வெகுவாகக் குறைந்தது. குழந்தைகளுக்கு மட்டும், மேல் மூச்சுப்பாதை வீங்கி நாய் குரைப்பதுபோல் வரும் இருமல் கூடியது.

காரணத்தில் ஒரு பகுதி வைரஸுக்குள்ளேயே இருக்கிறது. டெல்டா, செல்லின் மேற்பரப்பிலுள்ள டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2 என்ற நொதியின் உதவியோடு நேரடியாக உள்ளே நுழைவதில் தேர்ந்தது. நுரையீரலின் ஆழத்திலுள்ள செல்களில் அந்த நொதி உண்டு. ஒமைக்ரான் அந்த வழியை அவ்வளவாக நாடாமல், செல் வெளிப்பொருள்களை உள்ளிழுக்கும் பைகளின் வழியே நுழைந்தது. ஹாங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனிதத் திசுவில் இரண்டையும் வளர்த்துப் பார்த்தபோது, முதல் 24 மணி நேரத்தில் மூச்சுக்கிளைக் குழாய்த் திசுவில் ஒமைக்ரான் டெல்டாவைவிட ஏறத்தாழ 70 மடங்கு பெருகியிருந்தது. நுரையீரல் திசுவிலோ முதலில் வந்த வைரஸைவிடவும் குறைவாகவே பெருகியது. மேலே அதிகம், கீழே குறைவு. தொற்று எளிதாகப் பரவியதும், நுரையீரல் ஓரளவு தப்பியதும் இந்த ஒரு படத்தில் ஒன்றாகத் தெரிகின்றன.

ஆனால் இதோடு நிறுத்தினால் விடை பாதியாகிவிடும். ஒமைக்ரான் வந்தபோது உலகில் பலர் தடுப்பூசி போட்டிருந்தார்கள், அல்லது ஏற்கெனவே ஒருமுறை நோய்வாய்ப்பட்டு மீண்டிருந்தார்கள். எதிர்ப்பணுக்களை ஏமாற்றிவிட்ட ஒமைக்ரானால், தொற்றிய செல்களைக் கண்டு அழிக்கும் வெள்ளணுக்களான டி செல்களை அந்த அளவுக்கு ஏமாற்ற முடியவில்லை. தொற்று வந்தும் உயிர் பிழைத்ததில் அவற்றுக்குப் பெரும் பங்குண்டு. இங்கிலாந்தில் வயது, தடுப்பூசி முதலியவற்றைக் கணக்கில் கொண்டு ஒப்பிட்டபோதும், டெல்டாவைவிட ஒமைக்ரானால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு ஏறத்தாழ 60 விழுக்காடும் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 70 விழுக்காடும் குறைவாக இருந்தன. குறைவுதான், இல்லாமல் போகவில்லை. 2022 தொடக்கத்தில் ஹாங்காங்கில் நடந்ததை உங்கள் மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். பிஏ.2 என்ற ஒமைக்ரான் கிளை அங்கே பரவியபோது, 80 வயதைக் கடந்தோரில் பெரும்பாலோர் தடுப்பூசி போட்டிருக்கவில்லை. முந்தைய தொற்றும் அங்கே மிகக் குறைவு. சில மாதங்களுக்குள் 9,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 'மிதமான திரிபு' என்ற சொல்லை அன்றுமுதல் நான் எந்த நோயாளியிடமும் பயன்படுத்துவதில்லை.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. 23,604-ஆவது எழுத்தைப் பற்றிய விளக்கத்தை அப்படியே வகுப்பில் வரையப்போகிறேன். ஆனாலும் 'நாளடைவில் பலவீனமாகும்' என்று நான் சொன்னது சரியா தவறா என்பது இன்னும் தெளியவில்லை. ஓம்பியை, அதாவது தான் தங்கி வாழும் உயிரை, கொன்றுவிட்டால் வைரஸுக்கே இழப்பு என்றுதானே நாமெல்லாம் படித்தோம்?

மறுமொழி 3

தொற்றுநோய்ப் புள்ளியியல் படித்தவன் என்ற முறையில் இதற்கு விடை சொல்ல முயல்கிறேன்.

ஓம்பி இறப்பது வைரஸுக்கு இழப்பாக வேண்டுமானால், அது பரவி முடிப்பதற்கு முன்பே ஓம்பி இறக்க வேண்டும். கோவிட் நோயில் நடப்பது வேறு. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு அதிகம் தொற்றுவது அறிகுறி தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்னும் பின்னும். மருத்துவர் சொன்ன அந்த ஏழாம், எட்டாம் நாள் வருவதற்குள் வைரஸ் அடுத்தவரிடம் போய்ச் சேர்ந்திருக்கும். அதன் பிறகு நோயாளி பிழைப்பதோ பிழைக்காததோ வைரஸின் பரவலைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. எனவே தீவிரத்தைக் குறைக்கும்படி இயற்கைத் தேர்வு இந்த வைரஸை அழுத்தமாக நெருக்கவில்லை. கண்ணெதிரே சான்றும் இருக்கிறது: முதல் வைரஸைவிட ஆல்பா கடுமையாக இருந்தது, ஆல்பாவைவிட டெல்டாவால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. பலவீனமாவதுதான் விதி என்றால் இந்த வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

டெல்டா தேய்ந்து ஒமைக்ரானாக மாறியது என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது, அது தவறு. ஒமைக்ரான் டெல்டாவின் வாரிசு அன்று. 2020-இலேயே பிரிந்துபோன வேறொரு கிளையிலிருந்து, இடையில் யார் கண்ணிலும் படாமல் மாற்றங்களைச் சேர்த்துக்கொண்டு வந்தது. எதிர்ப்பாற்றல் குன்றிய ஒருவரின் உடலில் மாதக்கணக்கில் தங்கி அது உருவாகியிருக்கலாம் என்பது பலர் ஏற்கும் கருத்து. விலங்குகளிடம் சென்று திரும்பியிருக்கலாம் என்போரும் உண்டு. எப்படியாயினும், டெல்டாவுக்கு அடுத்து வந்தது தீவிரம் குறைந்த கிளையாக அமைந்தது நம் நல்வாய்ப்பு.

பரவும் வேகத்துக்கும் தீவிரத்துக்கும் இடையிலான கணக்கை மாணவர்களே போட்டுப் பார்க்கட்டும். இது கற்பனைக் கணக்கு. நூறு பேரிடம் தொடங்கும் ஒரு திரிபில் ஒவ்வொருவரும் சராசரியாக 1.1 பேருக்குத் தொற்றைத் தருகிறார் என்றால், பத்தாம் தலைமுறையில் (ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தொற்றும் ஒவ்வொரு சுற்றும் ஒரு தலைமுறை) தொற்றுவோர் ஏறத்தாழ 259 பேர். அவர்களில் 2 விழுக்காட்டினருக்கு நோய் முற்றினால் ஐந்து பேர். இரண்டாவது திரிபு 50 விழுக்காடு வேகமானது, அதாவது 1.65, ஆனால் நோய் முற்றுவது பாதியே, 1 விழுக்காடு. அதே பத்தாம் தலைமுறையில் தொற்றுவோர் ஏறத்தாழ 14,960 பேர், நோய் முற்றுவோர் ஏறத்தாழ 150 பேர். தனி ஒருவருக்கு ஆபத்து பாதியாகக் குறைந்திருக்கிறது. மருத்துவமனை வாசலில் வரிசை முப்பது மடங்காகியிருக்கிறது.

இதோடு காலத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தொற்றியதிலிருந்து அறிகுறி தோன்றும்வரை ஆல்பாவுக்குச் சராசரியாக 5 நாள், டெல்டாவுக்குச் சுமார் 4.4 நாள், ஒமைக்ரானுக்குச் சுமார் 3.4 நாள் என்று பல ஆய்வுகளைத் தொகுத்த கணக்கொன்று சொல்கிறது. தலைமுறைகளின் இடைவெளி குறுகக் குறுக அதே பெருக்கம் இன்னும் குறைந்த நாள்களில் நடந்து முடிந்துவிடும்.

மறுமொழி 4

மேலே உள்ள விளக்கங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். அட்டவணையைப் பற்றி மட்டும் இரண்டு திருத்தங்கள்.

'பரவும் வேகம்' என்று ஒரே எண்ணை எழுதாதீர்கள். அந்த எண் எந்த ஆண்டுக்குரியது என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். தென்னாப்பிரிக்காவில் கண்டறியப்பட்ட பீட்டா, எதிர்ப்பணுக்களிடமிருந்து தப்புவதில் டெல்டாவையே விஞ்சியது. ஆயினும் 2021-இல் உலகின் பெரும்பகுதி மக்களுக்கு எதிர்ப்பாற்றலே உருவாகியிருக்கவில்லை. தப்புவதற்கு எதுவும் இல்லாத இடத்தில் தப்பும் திறமை பயன்படாது. வெறும் வேகத்தால் டெல்டா அதை ஓரங்கட்டியது. ஆண்டிறுதியில் எங்கும் எதிர்ப்பாற்றல் பரவிய பிறகு நிலைமை புரண்டது, தப்பும் திறமை கொண்ட ஒமைக்ரான் வென்றது.

அடுத்தது, அட்டவணை ஒமைக்ரானோடு முடிந்துவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021 மே 31 அன்று கிரேக்க எழுத்துப் பெயர்களை அறிமுகப்படுத்தியது. ஒமைக்ரானுக்குப் பிறகு புதிய எழுத்து எதுவும் சூட்டப்படாததால், வைரஸ் மாறுவதை நிறுத்திவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதற்குப் பின் பரவியவை அனைத்தும் ஒமைக்ரானின் வழித்தோன்றல்களே. அவற்றில் எக்ஸ்.பி.பி. என்பது, இரண்டு ஒமைக்ரான் கிளைகள் ஒரே உடலில் சந்தித்து மரபுப்பொருளைக் கலந்துகொண்டதால் பிறந்தது.

உங்கள் மாணவிக்கான சிறந்த விடை பிஏ.2.86 என்ற கிளையில் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் அது கண்டறியப்பட்டபோது, அதன் முன்னோடியான பிஏ.2-வைவிட ஸ்பைக் புரதத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள் கூடியிருந்தன. மற்றொரு ஒமைக்ரான் அதிர்ச்சி வருமோ என்று உலகமே அஞ்சியது. பல வாரங்கள் சென்றும் அது மெதுவாகவே பரவியது. பிறகு அதன் ஸ்பைக் புரதத்தில் 455-ஆவது இடத்தில் லியூசின் போய் செரின் வந்தது. அந்த ஒரு மாற்றம் ஏற்பியைப் பற்றும் பிடியைச் சற்றுத் தளர்த்தி, எதிர்ப்பணுக்களிடமிருந்து தப்பும் வழியை அகலமாக்கியது. ஜே.என்.1 என்று பெயர் பெற்ற அந்தக் கிளை, 2024 தொடக்கத்திற்குள் உலகெங்கும் மற்ற கிளைகளைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது.