மிஷன் முடித்து வரும் பையனை எப்படி வரவேற்பது?

யூட்டா நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் பெருவில் மார்மன் சபையின் மதப் பிரசார ஊழியத்தில் (அதைத்தான் மிஷன் என்கிறார்கள்) கடைசி வாரங்களில் இருக்கிறான். இரண்டு வருஷ ஊழியம். 2019-லிருந்து இந்த ஊழியர்கள் வாராவாரம் வீட்டுக்குப் பேசலாம் என்று விதி வந்துவிட்டது, ஆனாலும் அம்மா நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார். அவனுக்கோ அந்த ஊர் மக்களை விட்டுவர மனசே இல்லையாம். போன வாரம் போனில் அழுதுவிட்டான்.

சால்ட் லேக் ஏர்போர்ட்டுக்கு எங்களையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர்கள் சபையில் காபி, டீ ஆகாது என்று தெரியும், முந்திரிக்கொத்து கொண்டுபோகட்டுமா? ஸ்டேக் தலைவர் (அந்த வட்டாரத்துச் சபைகளின் தலைவர்) ஊழியத்திலிருந்து விடுவிக்கும்வரை கறுப்புப் பெயர் அட்டையோடு ஊழியராகத்தான் இருப்பானாம். அப்படியென்றால் நான் கட்டிப்பிடித்து வரவேற்கலாமா? அப்புறம், எந்நேரமும் துணைக்கு ஒரு சக ஊழியரோடே இருந்தவன் திடீரென்று தனியாகிவிடுவான். முதல் சில வாரங்கள் அவனுக்கு எப்படித் துணையாக இருப்பது? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.