ஒரே மன்றாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பது விசுவாசக் குறைவா?

கொட்டாஞ்சேனை அம்மா:
என் அவருக்குப் போன வருசம் பாரிசவாதம் வந்தது. வலது கை இன்னும் எழும்பவில்லை, பேச்சும் தெளிவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் வேலை முடிந்து கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்துவேன். "அவர் தன் கையால் சாப்பிட வேணும்", வேறொன்றும் கேட்பதில்லை. போன கிழமை செபக்குழுவில் ஒரு அன்ரி சொன்னா, ஒருக்கா கேட்டு நன்றி சொல்லிவிட வேணுமாம், திரும்பக் கேட்டால் ஆண்டவரை நம்பவில்லை என்று அர்த்தமாம். அன்றிலிருந்து முழந்தாளிட்டால் வாய் வருகுதில்லை. கேட்பதை நிறுத்தத்தான் வேணுமா?

ஜம்பட்டா வீதி அண்ணா:
நிறுத்தாதீங்கோ தங்கச்சி. மத்தேயு 26:44 எடுத்துப் பாருங்கோ. கெத்சமனியில் இயேசு மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லித்தான் செபித்தார். பவுலும் தன் உடலில் தைத்த முள்ளுக்காக மூன்று முறை மன்றாடினார். முள் போகவில்லை, ஆனால் பதில் வந்தது. செபத்தில் வீணாகச் சொற்களைப் பிதற்ற வேண்டாம் என்கிற மத்தேயு 6:7ஐ அந்த அன்ரி மனசில் வைத்துச் சொல்லியிருப்பா. அது, சொற்களை அடுக்கினால் கடவுள் இணங்குவார் என்று நினைக்கிறவர்களுக்கு. உங்களுடையது அதுவல்ல. லூக்கா 18இல் நீதிபதியை விடாமல் போய்க் கேட்ட கைம்பெண்ணை இயேசு காட்டுவதே, மனந்தளராமல் செபிக்க வேணும் என்பதற்காகத்தான்.

என் மனைவிக்குப் புற்றுநோய். நானும் சுகம்தான் கேட்டேன். அவ போய்ச் சேர்ந்திட்டா. இருந்தும் ஆண்டவர் கேட்டார் என்றுதான் சொல்வேன். கடைசி மாதங்களில் எங்கள் வீட்டில் பயம் இருக்கவில்லை. படுக்கையில் கிடந்தபடியே, சொதிக்கு எப்போ தேங்காய்ப்பால் விட வேணும் என்று எனக்குச் சொல்லித் தந்தா. அந்த அமைதி என்னிடம் இருந்ததில்லை, நான் கேட்கவும் இல்லை.

வெள்ளவத்தை வாசகி:
அக்கா, நான் சைவம், ஆனாலும் செவ்வாயில் அந்தோனியாரிடம் வருவேன். எங்கட தேவாரம் பாடிய நாயனார் சுந்தரர் இரண்டு கண்ணும் இழந்து ஊர் ஊராய்ப் பாடிக் கேட்டவர். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல்தான் கிடைத்தது. காஞ்சியில் இடக்கண், திருவாரூரில்தான் வலக்கண். சிவனோடு உரிமையாய்ச் சண்டைபிடித்தே கேட்டார், அதற்காக அவரை யாரும் நம்பிக்கையில்லாதவர் என்று சொன்னதில்லை. பேச்சுப் பயிற்சியையும் விட்டுவிடாதீங்கோ. என் மாமாவுக்கு மெதுவாகத்தான் சொற்கள் திரும்பின.

கொட்டாஞ்சேனை அம்மா:
இரண்டு பேருக்கும் நன்றி. மத்தேயுவில் அந்தக் கெத்சமனிப் பகுதியை அவருக்கு வாசித்தேன். இன்னொருக்கா வாசி என்று இடது கையால் காட்டினார். வாற செவ்வாய் அவரையும் ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போகப் போறேன். கூட்டம் குறைந்த நேரம் எது, சக்கர நாற்காலியை எந்தப் பக்கத்தால் கொண்டுபோகலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.