பழைய கார் பார்க்கப் போனபோது சைலென்சர் புகை சொன்ன கதை: உங்கள் அனுபவம் என்ன?

கோவையிலிருந்து:

நிறத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வண்டி பார்க்கப் போகிறவர்கள் நிறைய. நீலம் என்றால் ஆயில் எரிகிறது, கருப்பு என்றால் டீசல் அதிகம், வெள்ளை என்றால் கூலன்ட். சரிதான், ஆனால் புகை எந்த நேரத்தில் வருகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

மச்சானுக்காக மேட்டுப்பாளையத்தில் ஒரு பெட்ரோல் கார் பார்த்தோம். ஐடிலில் சுத்தம். நிறுத்தி வைத்து ரேஸ் பண்ணினாலும் ஒன்றும் இல்லை. கோத்தகிரி ரோட்டில் கொஞ்ச தூரம் ஏறினேன், அப்போதும் புகை இல்லை. திரும்பும்போது செகண்ட் கியரில் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமலே இறக்கினேன். கீழே வந்து மறுபடி மிதித்ததும், பின்னால் பைக்கில் வந்த மச்சான் விடாமல் ஹாரன் அடிக்கிறான். ரோடு முழுக்க நீலப் புகை!

காலை எடுத்தால் த்ராட்டில் மூடிக்கொள்ளும். உள்ளே வெற்றிடம் கூடி, தேய்ந்த வால்வ் சீல் (வால்வ் வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர்), கைடு வழியாக ஆயிலை இழுக்கும். மிதிக்கும்போது அது எரிந்து வெளியே வரும். பிஸ்டன் ரிங் தேய்ந்து போயிருந்தால் பெரும்பாலும் ஏற்றத்தில் லோடு விழும்போதே புகைந்திருக்கும். சீல் வேலை என்றால் சமாளிக்கலாம், ரிங் என்றால் என்ஜினையே பிரிக்கணும். இதைச் சொல்லி விலை குறைத்துக் கேட்டோம். "போன வாரம்தான் புகைச் சான்றிதழ் எடுத்தேன்" என்று நீட்டினார். வண்டியை நிறுத்தி வைத்து அளக்கிற சோதனையில் இறக்கத்து நீலம் எங்கே தெரியப்போகிறது? அவர் விலையில் இறங்கவில்லை, நாங்கள் கிளம்பிவிட்டோம்.

திருநெல்வேலியிலிருந்து:

என் பங்குக்கு ஒன்று. காலையில் வருகிறேன், ஸ்டார்ட் பண்ணாமல் வையுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போவேன். போனதும் முதலில் பானெட்டில் கை வைத்துப் பார்ப்பேன். ஒரு பழைய கார் கன்சல்டிங்கில் டீசல் வண்டி, பானெட் நன்றாகவே சுட்டது. "இப்பதான் கழுவி இடம் மாத்தினோம் சார்" என்றார்கள். பரவாயில்லை, நாளைக்கு வருகிறேன் என்று வந்துவிட்டேன். மறுநாள் ஆறிக் கிடந்த என்ஜின் ரொம்ப நேரம் சுற்றித்தான் பிடித்தது. வெள்ளைப் புகை, கண் எரிச்சல், எரியாத டீசல் நாற்றம். சூடானதும் எல்லாம் மறைந்துவிட்டது. ஹீட்டர் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன், இதில் எதுவாகவும் இருக்கலாம். பிளக் என்றால் செலவு கம்மி. நான் அந்தச் சூதாட்டத்துக்குப் போகவில்லை.

மார்கழிக் காலையில் பெட்ரோல் வண்டி லேசாக ஆவி விட்டு, சைலென்சரில் தண்ணீர் சொட்டினால் பயப்படாதீர்கள். சூடான பிறகும் வெள்ளை நிற்காமல், இனிப்பு வாடையும் வந்து, கூலன்ட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டை (என்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் சீல்) சந்தேகப்படுங்கள்.

சென்னையிலிருந்து:

பிஎஸ்6 டீசலில் (புகை மாசு விதி கடுமையானபின், 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்தவை) புகை தெரியவில்லை என்று சந்தோஷப்பட வேண்டாம், சைலென்சர் பாதையில் இருக்கும் டிபிஎஃப் என்கிற கரி வடிகட்டி கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆறிய சைலென்சருக்குள் விரல் விட்டுப் பாருங்கள். அப்பிய மாதிரி கரி வந்தால் டிபிஎஃப் உடைந்திருக்கும், இல்லை யாரோ கழற்றியிருப்பார்கள். அப்புறம், என்ஜின் ஓடும்போது ஆயில் மூடியை மெல்லத் திறந்து பாருங்கள். குப்குப்பென்று புகை தள்ளினால் பேக் கம்ப்ரஷன், அதாவது எரிந்த வாயு பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே கசிகிறது. பின்னால் சைலென்சர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் உங்கள் மெக்கானிக்கைக் கூட்டி வராமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.