கார் டீட்டெய்லிங் விளம்பரம்: காசை எங்க போடலாம்?

செங்கோட்டைக்காரன்:
அண்ணாச்சிமாரே, வாரம் பூரா மில் வேலை. சனி, ஞாயிறு வீட்டு முன்னால கார் டீட்டெய்லிங் பண்றேன்: பாலிஷ், சீட் ஷாம்பு, ஹெட்லைட் மஞ்சள் எடுக்கறது. குற்றால சீசனுக்குப் புளியரை வழியா வர்ற கேரளா வண்டிகளை நம்பித்தான் ஆரம்பிச்சேன். ஆன்லைன் விளம்பரத்துக்கு 1,500 ரூபா போட்டேன். சென்னையிலிருந்தெல்லாம் லைக் வந்துச்சு, வண்டி ஒண்ணுகூட வரல.

தென்காசி அண்ணாச்சி:
தம்பி, விளம்பரம் எந்தெந்த ஊர்ல தெரியணும்கிற வட்டத்தைச் சுருக்குங்க. லைக்குக்குப் பதிலா வாட்ஸ்அப் மெசேஜ் வர்ற மாதிரி வைங்க. அதுக்கும் முன்னால கூகுள் மேப்புல பதியுங்க, அது இலவசம். வெளியூர்க்காரங்க அதைத்தான் பார்ப்பாங்க. சாவி கொடுக்கும்போதே ரிவ்யூ கேட்டுருங்க.

புனலூர்த் தமிழன்:
மலையாளத்துலயும் ரெண்டு வரி போடுங்க. நெட்டுல எடுத்த படம் வேண்டவே வேண்டாம். போன வருசம் சபரிமலை போயிட்டு வந்த என் வண்டில கால்மிதி முழுக்க செம்மண், சீட் இடுக்கெல்லாம் விபூதி. சுத்தம் பண்ண தம்பி, முன்னும் பின்னும் ஒரே கோணத்துல படம் எடுத்து விலையோட போட்டான். அதைப் பார்த்து எங்க தெருவுலேருந்தே மூணு வண்டி போச்சு.

செங்கோட்டைக்காரன்:
ரொம்ப நன்றி. ஞாயித்துக்கிழமை ஒரு பழைய ஆல்டோ வருது. ஹெட்லைட்டுல பாதிக்கு டேப் ஒட்டி, மீதியை மட்டும் தேய்ச்சுப் படம் எடுக்கறேன்.