ஆயாவின் கால்களுக்குக் கம்பளி: தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பக் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

நியூகாசில் சித்தி: அனைவருக்கும் வணக்கம். இங்கே குளிர்காலத்தில் வரும் ஆடிக் கூழ் ஊற்றும் ஞாயிறு நெருங்குகிறது. சென்ற ஆண்டு உறைபனி படிந்த கோயில் முற்றத்தில் ஆயா வெறுங்காலுடன் நின்றுவிட்டு வந்து, கால் பிடித்துக்கொண்டு படுத்திருந்ததை எல்லோரும் அறிவீர்கள். காலுறை மாட்டிவிட்டால், செருப்பைக் கழற்றும் இடத்தில் அதையும் கழற்றி என் கையில் கொடுத்துவிடுகிறார். பாதத்தை விட்டுவிட்டு, கணுக்காலுக்கு மேலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை மூடும் லெக் வார்மர் ஒரு ஜோடி யாராவது பின்னித் தர முடியுமா?

தேவன் (ஜோகன்னஸ்பர்க்): கடையிலேயே கிடைக்குமே, சித்தி. நான் வாங்கி அனுப்புகிறேன்.

நியூகாசில் சித்தி: வாங்கிப் பார்த்தாயிற்று, தேவன். மேல்விளிம்பில் எலாஸ்டிக் இருக்கிறது. சர்க்கரை நோய்க்காரக் கால், மாலையில் வீங்குகிறது. கழற்றும்போது வளையம் போட்டதுபோல் தடம் பதிந்திருக்கிறது.

சித்தப்பா (சாட்ஸ்வொர்த்): அக்கா இருக்கும்போது கவலை எதற்கு? தனத்தின் சால்வையை முடித்துவிட்டு இதைத் தொடங்குவார்.

தனம் அக்கா (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): அந்தச் சால்வையை என் மகள் திருமணத்திற்கு எதிர்பார்க்கிறேன். அவளுக்கு இப்போது வயது ஒன்பது.

பெரியத்தை (சித்தப்பாவின் அக்கா): சிரித்து முடித்தீர்களா? இனி வேலையைப் பேசுவோம். சித்தி இரண்டு கால்களையும் காலையில் அளக்காமல் மாலையில் அளந்து அனுப்ப வேண்டும்; வீக்கம் அதிகமாக இருக்கும் நேரத்து அளவுதான் நமக்குத் தேவை.

நியூகாசில் சித்தி: நேற்று மாலையே அளந்துவிட்டேன், அண்ணி. கெண்டைக்கால் வலது 36 சென்டிமீட்டர், இடது 38. கணுக்காலுக்கு மேல் 25. நீளம் 38 போதும்.

பெரியத்தை: நன்று. வழக்கமாக லெக் வார்மர் நழுவாமல் நிற்பதற்காக, கால் அளவைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைத்துப் பின்னுவார்கள். அம்மாவுக்கு அப்படிக் குறைக்கக் கூடாது. 4 மில்லிமீட்டர் ஊசியில் என் கைக்கு 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணிகள் வருகின்றன. அந்தக் கணக்கில் 38 சென்டிமீட்டருக்கு 84 கண்ணிகள், கணுக்காலுக்கு 56. மேலிருந்து கீழாக, தையல் விழாமல் வட்டமாகப் பின்னுவேன். மேலே 5 சென்டிமீட்டர் இரண்டுக்கு இரண்டு ரிப் (இரண்டு நேர்க்கண்ணி, இரண்டு பர்ல் எனும் மறுபக்கக் கண்ணி என மாறி மாறி வரும் வரிப்பின்னல்), அதன்பின் 5 சென்டிமீட்டர் அப்படியே நேராக, பிறகு ஐந்து சுற்றுக்கு ஒரு முறை பின்பக்கத்தில் இரண்டு கண்ணிகளாகக் குறைத்தால், பதினான்கு குறைப்பில் கணுக்காலை அடைந்துவிடலாம். கீழேயும் 5 சென்டிமீட்டர் ரிப். தொடக்கத்திலும் முடிவிலும் கண்ணிகளைத் தளர்வாகப் போடாவிட்டால், எலாஸ்டிக்குக்கும் இதற்கும் வேறுபாடு இராது.

சித்தப்பா: படித்தேன், அக்கா. முழுவதும் படித்தேன்.

தேவன்: நூல் மோஹேராக, அதுதான் அங்கோரா ஆட்டு முடியாக, இருக்கட்டும். நம் நாட்டுச் சரக்கு, உலகத்திலேயே முதல் தரம்.

பெரியத்தை: அங்கோரா ஆடு 1838இல் இந்த நாட்டுக்கு வந்தது. துருக்கியிலிருந்து அனுப்பிய கிடாக்களை மலடாக்கி அனுப்பினார்களாம். கூட வந்த ஒரு பெட்டை சினையாக இருந்ததால்தான் கரூ வறண்ட நிலத்தில் அந்த இனம் பெருகியது என்பார்கள். பெருமை எல்லாம் சரி. ஆனால் மோஹேரின் பஞ்சு மேலே படர்ந்து பின்னலின் உருவத்தை மறைத்துவிடும்; தவறினால் பிரித்தெடுப்பதும் எளிதன்று; முதிய தோலுக்கு அரிக்கவும் செய்யும். இயந்திரத்தில் துவைக்கக்கூடிய மென்கம்பளி போதும்.

தனம் அக்கா: வெறும் குழாயாகவா பின்னப் போகிறீர்கள்? செடி கொடி ஏதாவது போட்டால் அழகாக இருக்குமே. புரோட்டியா எப்படி?

தேவன்: ராஜ புரோட்டியா கேப் பக்கத்துப் பூ. நம் டிராக்கன்ஸ்பர்க் மலையில் இருக்கும் புரோட்டியா வேறு வகை.

பெரியத்தை: அத்தனை இதழ்களை 84 கண்ணிகளுக்குள் அடக்கினால் முட்டைக்கோஸ் ஆகிவிடும். நான் கரும்பை நினைத்திருக்கிறேன். ரிப்பின் நேர்க்கோடுகளே கழிகள். சில சுற்றுகளுக்கு ஒரு முறை பர்ல் வரிசை ஒன்று போட்டால் கணு எழும்பிவிடும். முழுவதும் ரிப் என்பதால் வீக்கத்தோடு விரியும், வீக்கம் வடிந்தால் சுருங்கும்.

சித்தப்பா: கரும்பு வேண்டாம், அக்கா. பாட்டியின் கால்களை நீங்களும்தானே பார்த்திருக்கிறீர்கள்? தோட்டத்தில் தோகை கீறிய வடுக்கள் முழங்கால்வரை இருந்தன. சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு வெட்டப் போனவரின் மகள் கால்களில், அதே கரும்பைச் சுற்றிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பெரியத்தை: தம்பி, நவம்பர் 16க்கு இன்னும் நாள் இருக்கிறது. 1860இல் அந்த நாளில் நம் மக்களைக் கரும்புத் தோட்டக் கூலிகளாக முதன்முதலில் கொண்டுவந்த ட்ரூரோ கப்பலை அப்போது இறக்கிக்கொள்ளலாம்.

சித்தப்பா: இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை.

தனம் அக்கா: கற்றாழைப் பூ போடலாமே! குளிர்காலத்தில் வழி நெடுகச் சிவப்பாகப் பூத்துக் கிடக்கிறது.

தேவன்: கற்றாழைக்கும் முள் உண்டு, அக்கா.

பெரியத்தை: பூவை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு நிற நூலைச் சேர்த்துப் பின்னினால், பயன்படாத நூல் உள்பக்கம் நீளமாக ஓடும். போடும்போது கால்விரல் அதில் மாட்டிக்கொள்ளும், பின்னலும் விரியாது. முதலில் ஒரே நிறத்தில் பின்னி முடித்துவிட்டு, சிவப்பு நூலைத் தையலூசியில் கோத்து, ஒவ்வொரு கண்ணியின் தடத்தின் மேலேயே ஓட்டினால், பின்னியது போலவே தெரியும். தம்பிக்கு இது சம்மதமா?

சித்தப்பா: அம்மாவை யாராவது கேட்டீர்களா?

நியூகாசில் சித்தி: இப்போதுதான் கேட்டேன். கரும்பும் வேண்டாம், கற்றாழையும் வேண்டாம், கொல்லையில் நிற்கும் கறிவேப்பிலை போதுமாம். அத்துடன், கூழ் சிந்தினால் கறை தெரியாத நிறமாக இருக்க வேண்டுமாம்.

பெரியத்தை: கறிவேப்பிலை அமையும். நடுவே ஒரு காம்பு, இருபுறமும் மாறி மாறி இலைகள். இலை அகலும் இடத்தில் நூலைச் சுற்றி எடுத்தால் ஓட்டை விழுந்து குளிர் புகும். அதற்குப் பதிலாக, இரண்டு கண்ணிகளுக்கு நடுவே கிடக்கும் நூலைத் தூக்கி முறுக்கிப் பின்னுவேன். இலை முன்பக்கம் மட்டும் வரும். பின்பக்கம் குறைப்புகளுக்கு வேண்டும்.

தேவன்: ஆட்டுக் கம்பளியைக் கோயிலுக்குள் அணியலாமா என்று பூசாரி கேட்டால் என்ன சொல்வது?

நியூகாசில் சித்தி: அவரே கம்பளித் தொப்பியோடுதான் நிற்கிறார்.

தனம் அக்கா: அப்படியானால் கரும்பச்சையா, காப்பி நிறமா? நான் இன்று கடைப்பக்கம் போகிறேன்.

பெரியத்தை: இரண்டிலும் ஒவ்வொரு பந்து வாங்கி, பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பு. கரும்பச்சையில் இலையின் மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சித்தப்பா: காப்பி நிறம் மண் மாதிரி இருக்கும்.

பெரியத்தை: படம் வரட்டும், பார்க்கலாம். சித்தி, இடது காலை மட்டும் இந்த வாரம் இன்னொரு மாலை அளந்து சொல்லுங்கள். அங்கே கூழுக்கு எந்த அண்டாவை வைக்கப் போகிறீர்கள்? பெரிய பித்தளை அண்டாவைப் பற்றி நான் தனிச் செய்தியில் எழுதுகிறேன்.

தனம் அக்கா: தனிச் செய்தி எதற்கு, அத்தை? அண்டா எங்கள் வீட்டில் இல்லை என்று போன தைப்பூசத்தின்போதே இந்தக் குழுவில் எழுதியிருக்கிறேன்.

சித்தப்பா: என்னைப் பார்க்காதீர்கள்.